அடுத்த வியாழன் வரை

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் மனோதத்துவம் எம்.ஏ. படித்தேன். இரண்டாம் வருடம் பயிற்சிக்காக, மாதர் சங்கம் ஒன்று நடத்திய குடும்ப ஆலோசனை அறைக்கு வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். பிணங்கிப்போன கணவனும் மனைவியும் அங்கே வருவார்கள். ஒருவர் தனியே சொன்னதை மற்றவரிடம் நாங்கள் சொல்லக் கூடாது. அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அதுதான் எங்களுக்கு விதி. எனக்கு வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தவரும் அவர் மனைவியும் ஒரு நாள் வந்தார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்கள். நான்கு வயது மகன் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் மனைவியோடு பேசுவதில்லை. முதலில் அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன்.

“சளி இருக்கும்போ பிள்ளைக்கு நான்தான் தல குளிப்பாட்டினேன் டீச்சரே. நான்தான் கொன்னேன்னு அவுங்க மனசுல இருக்கு. அத வாயால சொல்லித் திட்டிட்டாக்கூட நல்லாருக்கும்.”

பிறகு அவரை அழைத்தேன். வெகுநேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ரெண்டாம் நாளே டாக்டர் ஆஸ்பத்திரியில சேக்கச் சொன்னாரு. நான் அவகிட்டச் சொல்லல்ல. மருந்துலயே கொறஞ்சிரும்னு நெனச்சேன். இப்போ அவ மொகத்தப் பாக்கவே பயமா இருக்கு.”

சுவருக்கு அந்தப்புறம் அந்த அம்மா பெஞ்சில் காத்திருந்தாள். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை.

“இத நீங்களேதான் அவங்ககிட்டச் சொல்லணும்” என்றேன்.

அடுத்த வியாழன் என் முன்னிலையில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அன்று வீட்டுக்கு நடக்கும்போது, வேலை தெரிந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வியாழன் அவர் மட்டும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்து அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டாராம்.

“இப்பவே போங்க. போய்ச் சொல்லுங்க” என்றேன்.

போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, உட்காராமலே சொன்னார்:

“எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ அழல்ல. ‘மூணு மாசமா நான் சாகாமச் செத்துக்கிட்டிருந்தத பாத்துக்கிட்டேதானே இருந்திய?’ன்னு கேட்டா. அப்புறம் உள்ள போயிட்டா. இனி வரமாட்டா டீச்சரே.”

அவள் வரவில்லை. கொஞ்ச நாளில் அவரும் அந்த அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

என் பேராசிரியை அறிக்கையைப் படித்துவிட்டு, முறைப்படிதான் செய்திருக்கிறாய் என்றார். இருக்கலாம். அந்த மூன்று மாதத்தின் கடைசி சில நாட்கள் எல்லாம் தெரிந்தும் நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.