இரண்டு பேர் பிடித்த ட்ரவுட்

ஆஸ்திரேலிய மலையூரான ஜிண்டபைனில் மீன்பிடி வழிகாட்டியாகச் சேர்ந்த பிறகு, நான் முதன்முதலாகத் தனியே ஆட்களைக் கூட்டிப்போன நாளிலேயே ஒருவர் ஆற்றுக்குள் விழுந்துவிட்டார்.

அவர் கதிர் அங்கிள். சிட்னியின் பிளாக்டவுனிலிருந்து மனைவி ராணி அன்ரியுடன் வந்திருந்தார். ஓய்வுபெற்ற என்ஜினியர், நெடுங்காலமாக ஃபிளை ஃபிஷிங், அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டிலை எறிந்து ட்ரவுட் மீன் பிடிப்பது, செய்தவர். முந்தைய வருடம் பக்கவாதம் வந்து வலது கையில் அசைவும் உணர்வும் இல்லாமற் போயிருந்தது. வலது காலும் கொஞ்சம் இழுக்கும். மீன்பிடி சீசன் மூட ஒரு கிழமைதான் இருந்தது. புல்லெல்லாம் உறைபனி.

"இடக்கையால எறிஞ்சு பழகினனான். தம்பி, நீர் இடத்தை மட்டும் காட்டும், அது போதும்" என்றார்.

இடுப்பளவுத் தண்ணீரில் பாசிக்கல் ஒன்று அவர் காலை வாரிவிட்டது. நான் பெல்ட்டில் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தேன். உடுப்பு மாற்றி, காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார வைத்தோம். முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். "இன்றைக்கு இவ்வளவு போதும், கூட்டிக்கொண்டு வா" என்றார்.

"ஓம், வீட்ட போவம். இனி எனக்கு இது சரிவராது. மீன் பிடிக்கிற றொட்டை ஆருக்கும் குடுத்துவிடலாம்" என்றார் அங்கிள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

காலையிலிருந்து "கவனம், கவனம்" என்றே சொல்லிக்கொண்டிருந்த ராணி அன்ரியும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஃபிளாஸ்க்கை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தண்ணிக்குள்ள இறங்காமப் பிடிக்கிற இடம் ஒண்டும் இல்லையோ?"

"நீர் என்ன கதைக்கிறீர்?" என்றார் அங்கிள்.

"வீட்டில கதிரையில இருந்து சுவரைத்தானே பாக்கிறியள். இஞ்ச கதிரையில இருந்து தண்ணியைப் பாருங்கோ."

அப்படி ஓர் இடம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் காணிக்குள் ஓர் ஊற்றோடை. நிலத்துக்கடியிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் ஆற்றளவு குளிராது. ஆற்று மீன் சோர்ந்து கிடக்கும் நாளிலும் அங்கே மீன் இரை எடுக்கும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அங்கே போனோம். மடக்குக் கதிரையை, நிழல் தண்ணீரில் விழுந்து மீனை மிரட்டாதபடி, தள்ளிப் போட்டேன். லைனில் ஒரு சின்ன நிம்ஃப் கட்டினேன். தண்ணீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போல இருக்கும் தூண்டில் அது. மேலே ஓர் ஆரஞ்சு மிதவை.

ஃபிளை ஃபிஷிங்குக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று றொட்டைப் பிடிக்க, மற்றது லைனை இழுக்கவும் விடவும். அந்த இரண்டாவது கையாக நானே இருக்கலாம் என்று லைனை எடுத்தேன்.

"விடுங்கோ தம்பி, நான் பிடிக்கிறன். என்ன செய்யிறதெண்டு சொல்லித் தாங்கோ" என்றார் அன்ரி.

கொஞ்ச நேரத்தில் மிதவை அமிழ்ந்தது. அங்கிள் றொட்டை உயர்த்தினார். மீன் பாய்ந்தது. அன்ரி லைனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடும், விடும்!" என்று கத்தினார் அங்கிள்.

"பிடிச்சதை ஏனப்பா விடுறது?"

லைன் அறுந்தது. மூவரும் தண்ணீரையே பார்த்தோம். அங்கிள் கோபப்படப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கதிரை ஆடச் சிரித்தார். அன்ரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மீனுக்கு அன்ரி விட வேண்டிய நேரத்தில் விட்டார், இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தார். வலையில் வந்தது ஒரு ரெயின்போ ட்ரவுட். திரும்ப விடுவதற்காக வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். நாங்கள் தாங்கிப் பிடிக்க அங்கிள் கதிரையை விட்டு இறங்கிக் கரையோரம் உட்கார்ந்தார். அன்ரி அவருடைய வலது கையை எடுத்து மீனின் வயிற்றுக்கடியில் வைத்து, தன் கையை அதற்குக் கீழே கொடுத்தார்.

"குளிருது" என்றார் அங்கிள். பிறகு மெல்ல, "ராணி, இந்தக் கையில குளிர் தெரியுது."

மீன் நீந்திப் போன பிறகும் அன்ரி தன் கையை எடுக்கவில்லை.

அடுத்த வருடமும் வந்தார்கள். அன்ரி தனக்கென்று ஒரு றொட் வாங்கியிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆள் தடுமாறினால் உடனே பிடியுங்கள். மற்ற நேரங்களில் உதவிக்குப் பாயாமல் கொஞ்சம் பொறுங்கள். உதவும் அந்த இடம், அவரோடு கூட வந்தவருக்கு உரியதாக இருக்கலாம்.