பிக்காப்புக்கு ஒரு விரிப்பு

போன வாரம் என் மகன் ஒரு பழைய பிக்காப் வண்டி வாங்கினான். கடையில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டு, பின்தட்டில் போடப் பிளாஸ்டிக் விரிப்பு எடுக்கட்டுமா, ரப்பர் எடுக்கட்டுமா என்று கேட்டான். சாதாரணக் கேள்விதான். ரப்பர் என்று மூன்று முறை சொன்னேன்.

எண்பதுகளில் நாங்கள் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பாலெடுக்க மரம் வெட்டும் வேலையை விட்டுவிட்டு, உறைந்துபோன ரப்பர் கட்டிப்பாலை வாங்கி ஈப்போவுக்கு ஏற்றிப்போக ஒரு பிக்காப் எடுத்திருந்தார். கட்டிப்பாலிலிருந்து கசியும் நீர் தகரத்தை அரித்துவிடும். அதனால் விரிப்பு வாங்க ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறைக்குப் போனார். ஒன்பது வயதான என்னையும் கூட்டிப்போனார்.

பட்டறைக்காரச் சீனர் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று வரிவரியான கனத்த ரப்பர். மற்றது கறுப்பாக மின்னும் பிளாஸ்டிக். கழுவுவதற்குப் பிளாஸ்டிக் லேசு, ஆனால் வழுக்கும், ஆள் ஏற்றுவதானால் ரப்பர்தான் நல்லது என்று மலாய் மொழியில் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லுமா, எது வேணும்?"

அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் போல இருந்தது. அதையே காட்டினேன்.

"சரிதான், ரப்பரத்தான் தெனமும் பாக்குறோம்லா" என்று அப்பா சிரித்தார்.

கட்டிப்பால் ஒட்டாமலிருக்க அப்பா விரிப்பின்மேல் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். தோட்டத்தில் எல்லாரும் கையில் தடவிக்கொள்வதுதான். தைப்பூசத்தன்று அதே வண்டியில் பால்குடத்தோடு ஈப்போ கோயிலுக்குப் புறப்பட்டோம். சாமியிடம் போகும் வண்டி நாறக் கூடாது என்று அம்மா என்னிடம் அதைக் கழுவச் சொல்லியிருந்தார். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போனது, எண்ணெய் போகவில்லை. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்ததில் எனக்குப் பெருமை.

பின்தட்டில் அம்மாவும் நானும் நான்கு வயதுத் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். வழியில் தூறல் பிடித்தது. ஒரு மேட்டில் முன்னால் போன லாரி திணற, அப்பா நிறுத்திவிட்டு மறுபடி வேகமாக எடுத்தார். தங்கை உட்கார்ந்தபடியே பின்னோக்கிச் சறுக்கினாள். சறுக்கும்போது சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் மோதியதில் பின்கதவின் பழைய கொக்கி கழன்று, கதவு படாரென்று கீழே விழுந்தது. அவள் கால்கள் வெளியே போய்விட்டன. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அம்மா குடத்தை விட்டுவிட்டுக் குப்புற விழுந்து, அவள் பாவாடையைப் பிடித்தார். பிடித்தவரும் சேர்ந்து வழுக்கினார். நான் ஒரு கையால் ஓரக் கம்பியையும் மறு கையால் அம்மாவின் கணுக்காலையும் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்பாவுக்குக் கேட்டு வண்டி நிற்பதற்குள் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பஸ்ஸும் கிறீச்சிட்டு நின்றது.

குடம் ரோட்டில் உருண்டு கிடந்தது. நேர்ந்துகொண்ட பால் மழைநீரோடு போனது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தங்கையை மார்போடு இறுக்கியபடி, ஓடிவந்த அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த எழவ யாரு எடுத்தது?"

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

"நாந்தான். வழுக்கும்னு கடைக்காரன் சொன்னான். நாந்தான் கேக்கல."

அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. விரிப்பு கோழிக்கூண்டுக்குக் கூரையாயிற்று. உறவினர் யார் வந்தாலும் அம்மா அந்தக் கதையை எடுப்பார், அப்பாவின் புத்தியைக் குத்திக்காட்டாமல் முடிக்க மாட்டார். அப்பாவும் சேர்ந்துகொள்வார். பட்டறைக்காரர் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொல்வார். அங்கே நான் நின்றதை மட்டும் விட்டுவிடுவார்.

நல்லவேளை, அப்பாவுக்கு ஞாபகசக்தி குறைவு என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.