எங்களுக்கு முன்னே நிறைந்த மதகுகள்

கீழே எழுதியிருப்பவற்றில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அன்று படகின் குறிப்பேட்டில் என் கையால் குறித்த நேரங்களையே இங்கே தருகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை. என் தமக்கை டல்சி, குன்றின் உச்சியிலுள்ள மருத்துவ இல்லத்தில் தன் இறுதி நாட்களில் இருந்தாள். ஆறு வாரங்களாகப் படுக்கையைவிட்டு எழவில்லை. அவளுடைய சன்னலுக்கு நேர் கீழே கால்வாயின் கடைசி மதகு. அவளும் நானும் தம்பியும் பிறந்தது ‘ஹெரான்’ என்னும் குறுகலான கால்வாய்ப் படகில். அதில் நிலக்கரி ஏற்றித்தான் எங்கள் பெற்றோர் பிழைத்தார்கள். அந்தப் படகு தன் சன்னலைக் கடந்து போவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். காரில் போனால் கால் மணி நேரம். ஆனால் அவள் கேட்டது எங்களை அல்ல, படகை.

உச்சிக்குப் போகப் பதினான்கு மதகுகள்; ஒவ்வொன்றும் இரு முனையிலும் கதவுள்ள, படகைப் படிபோல் ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி. ஏறும் படகுக்கு மதகு காலியாக இருக்க வேண்டும். கீழ்க்கதவு வழியே நுழைந்து நீரை நிரப்பினால் படகு உயரும். முன்பே நிறைந்திருந்தால் முதலில் அதை வடித்தாக வேண்டும். நேரம் இரட்டிப்பாகும்.

காலை 9.10. மதகுக் காவலர் க்ளைவ் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

“இன்னிக்கு நீங்கதான் முதல் படகு, மேபல்மா. பதினாலும் காலியாத்தான் கிடக்கு, நானே நடந்து பாத்துட்டு வந்தேன். பன்னெண்டுக்கெல்லாம் மேல போய்ச் சேந்துடுவீங்க.”

என் தம்பி வில்ஃப் சுக்கானைப் பிடித்தான். நான் நீர்வழிகளைத் திறக்கும் பல்சக்கரங்களைத் திருகும் இரும்புக்கோலுடன் கரையில் நடந்தேன். முதல் மதகு காலி.

9.32. இரண்டாம் மதகு நிறைந்திருந்தது. மேல்கதவு வேறு விரியத் திறந்து கிடந்தது. கடந்து போனபின் கதவை மூடுவது கால்வாயின் அடிப்படை ஒழுங்கு. மூன்றாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே.

“எவனோ ஒழுங்கில்லாதவன் முன்னாடி போறான்டா.”

“போனா இன்ஜின் சத்தம் கேக்கணுமே, அக்கா.”

“பேசாம சுக்கானப் பிடி.”

10.25. க்ளைவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“முன்னாடி யாரும் போகல. மேலேருந்தும் யாரும் இறங்கல,” என்றார்.

“அப்ப தண்ணி தானாவா ஏறுச்சு?”

“கோச்சுக்காதீங்க. நான் என்ன நடுவுல குழாயத் திறந்தா விட்டேன்?”

10.50. ஐந்தாம் மதகை வடித்துக்கொண்டிருந்தபோது அது கேட்டது. வளைவுக்கு அப்பால், ஆறாம் மதகிலிருந்து... பல்சக்கரத்தின் ஓசை.

கடக்... கடக்... கடக்...

யாரோ நீர்வழிப் பலகையைத் தூக்கித் திறக்கிறார்கள். எழுபத்து நான்கு வயதில் ஓடினேன். இரண்டு வார்த்தை திட்டாமல் விடுவதில்லை என்றே ஓடினேன்.

அங்கே யாரும் இல்லை. நீர் மட்டும் மதகுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

12.05. எட்டாம் மதகு. அதுவும் நிறைந்திருந்தது. இரும்புக்கோலைப் புல்லில் வீசி எறிந்தேன். வில்ஃப் அதை எடுத்துக் கொடுத்தான்.

“நீ ரோட்டுக்குப் போய் பஸ்ஸப் பிடிக்கா. நான் படகக் கொண்டு வரேன்.”

“தனியா எப்படித் தள்ளுவ? இடுப்பு ஒடிஞ்சிடும்.”

“அவ உன்னையாவது பாக்கட்டும்.”

“அவ படகத்தான் கேட்டா. படகோடதான் போவேன்.”

பிடிவாதம்தான். அதை நான் இன்றும் நியாயப்படுத்தவில்லை.

1.48. பதினோராம் மதகு. நாங்கள் நெருங்கும்போது மேல்கதவு அசைந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளும் நீண்ட மரக்கட்டை மெல்ல நகர்ந்தது... ஓர் அடி... நின்றது... இன்னோர் அடி. யாரோ முதுகு கொடுத்துத் தள்ளுவதைப் போல.

கட்டையை ஒட்டிப் புல் நசுங்கியது. நிமிர்ந்தது. மீண்டும் நசுங்கியது.

காற்று இல்லை.

வில்ஃப் என்னைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்தினான்.

2.40. பதின்மூன்றாம் மதகு.

மேலிருந்து... கடக்... கடக்...

நின்றுவிட்டது.

பதினான்காம் மதகு பாதி மட்டுமே நிறைந்திருந்தது.

3.25. உச்சி. செவிலி ஐலீன் கரையில் காத்திருந்தாள்.

“ரெண்டு நாப்பதுக்குப் போயிட்டாங்கம்மா. பன்னெண்டு மணிக்கே கட்டில சன்னல்கிட்ட நகத்தி வச்சோம். பாத்துக்கிட்டே இருந்தாங்க.”

அறைக்கு அழைத்துப் போனாள். போர்வையை விலக்கினாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது.

“இத மட்டும் எனக்குச் சொல்லுங்க. ஒம்பதரைலேருந்து இவங்க கைல இந்தக் கருப்பு எங்கேருந்து வருது? மூணு தடவை கழுவினேன். திரும்பத் திரும்ப வருது.”

டல்சியின் உள்ளங்கைகளைப் பார்த்தேன். மதகின் பல்சக்கரங்களுக்குத் தடவும் மசகு. அதன் வாடையை எங்கிருந்தாலும் நான் அறிவேன். மசகுக்கு அடியில், புதிதாய் உடைந்த கொப்புளங்கள்.

சிறுவயதில் படகுக்கு முன்னால் ஓடிப்போய் மதகுகளை ஆயத்தம் செய்து வைப்பது அவள் வேலை. நிலக்கரியோடு நாங்கள் இந்தக் குன்றில் எப்போதும் இறங்கித்தான் வருவோம். இறங்கும் படகுக்கு மதகு நிறைந்திருக்க வேண்டும். மேல்கதவு திறந்திருக்க வேண்டும்.

“கடைசியா ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டேன்.

ஐலீன் போர்வையை மீண்டும் இழுத்து மூடினாள்.

“உங்க மேல ஒரே கோவம்மா. ‘நான் எல்லாத்தையும் நிரப்பி வச்சிருக்கேன்... இன்னும் ஏன் இறங்கி வரல’ன்னு.”