கொடுக்காத இரண்டு அத்தியாயங்கள்

இரண்டு வாரத்துக்கு முன், வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில், காலிக் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மீன்காரம்மாதான் சொன்னார். "இன்னிக்கு ஏலம் இல்லை டீச்சர். சாகுல் பாய் விடியக்காலைல மௌத்தாயிட்டாக." நான் "எந்த சாகுல் பாய் இறந்துட்டாரு?" என்று கேட்டேன். கட்டுமாவடியில் மீன் ஏலம் கூறும் சாகுல் பாய் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா என்ன? கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் கூடும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐம்பத்தைந்து வயதில், ஏலம் முடிந்த கையோடு வந்து, "நானும் படிக்கலாமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டவர். அப்போது நாம் எடுத்திருந்தது ஒரு பழைய மாயாஜாலக் கதை. கல்லாகிப்போன அண்ணனை மீட்க ஏழு கடல் தாண்டிப் போகும் பெண்ணின் கதை. பக்கத்துக்குப் பத்து வார்த்தை பல்லை உடைக்கும். என்னிடம் இருந்த ஒரே பிரதி தொட்டால் உதிரும் என்பதால் அத்தியாயம் அத்தியாயமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன். பத்துக் கடினச் சொற்களைச் சொந்த வாக்கியத்தில் எழுதிக் காட்டினால்தான் அடுத்த அத்தியாயம். நாலாவது அத்தியாயத்தோடு நீங்கள் எல்லோரும் கழன்றுகொண்டீர்கள். பாய் மட்டும் இருபதுவரை வந்தார்.

நாவாய், வங்கம், அம்பி, திமில் என்று கப்பலும் படகுமாக வந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்தது நினைவிருக்கிறது. "நாங்க எல்லாத்தையும் போட்டுன்னு ஒரே பேருல கூப்புட்டுக்கிட்டுக் கெடக்கோம். இந்த ஆளு எத்தனை பேரு வச்சிருக்காரு பாருங்க டீச்சர்!" அதற்குப் பிறகு விசைப்படகு ஓட்டுபவர்களை அவர் டிரைவர் என்று கூப்பிடவில்லை. "மீகாமன் வந்துட்டாரு, எடம் விடுங்கப்பா" என்று ஏலக் கூட்டத்துக்கு நடுவே கத்துவார். மொத்தக் கரையும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. இருபத்தைந்து வருடம் வகுப்பெடுத்தும் நான் அப்படி ஒரு சொல்லைக்கூட ஊருக்குள் உலவவிட்டதில்லை.

போன மாதம் நெஞ்சுவலி என்று புதுக்கோட்டையில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்பது வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தார். "இறும்பூதுன்னா ஆச்சரியம்னு தெரியுது. ஆனா வாக்கியத்துல ஒக்கார மாட்டேங்குது டீச்சர். இந்த ஒண்ண விட்டுட்டு மிச்சக் கதையக் குடுத்துருங்க. அந்தப் புள்ள அண்ணன மீட்டுச்சா இல்லையா?" என்றார். கடைசி இரண்டு அத்தியாயங்களும் என் கைப்பையில்தான் இருந்தன. நான் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். "பத்தும் வரட்டும் பாய், தர்றேன்" என்றேன். எழுந்து வர அவருக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது பொய். வாத்தியார் கெத்து, வேறொன்றுமில்லை. அவர் "சரிங்க டீச்சர்" என்று சீட்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா இருக்கிறார். வெளி ஆண்கள் பார்க்க முடியாது, நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அவருக்கும் பாய் வாசித்துக் காட்டுவாராம். அது எனக்குத் தெரியாது. கைப்பையைத் திறந்து தாள்களை எடுத்தேன். "மிச்சத்தை நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் தாள்களைத் தொடவில்லை. "அந்தப் புள்ள என்ன ஆச்சோன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. அவுகளுக்குத் தெரியாமப் போனது எனக்கு மட்டும் எதுக்கு டீச்சர்? எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

திருத்தி நான் வைத்திருந்த பாயின் வாக்கியத் தாள்களையும் கொண்டுபோயிருந்தேன்; அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவை அந்த வீட்டுக்குச் சொந்தம். அவர் நினைவாக என்னிடம் இருப்பவை, அவர் கேட்டபோது நான் கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த இரண்டு அத்தியாயங்கள்தான்.