மஞ்சள் தலையும் ஈரத்துண்டும்

என் கணவர் வளவனுக்கு உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கை கழுவி நிற்கிற ஆள் அவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்க்கிறார். கீழ்வேளூரிலிருந்து தினமும் ரயில். அந்த ஓட்டம் அவருக்குப் பொருந்திப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தலைவலி.

ஞாயிறு வந்தால் ரிமோட் கார். பேட்டரியில் ஓடுகிற பொம்மை இல்லை. நைட்ரோ எரிபொருள் ஊற்றி, எலுமிச்சம்பழ அளவு எஞ்சினை முடுக்கினால், தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கும் அளவுக்கு அலறுகிற வண்டி. அறுவடை முடிந்த களங்களில் பந்தயம் விடுவார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து சீர்காழி வரை இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால், எஞ்சின் தலைமேல் இருக்கும் மூடியின் நிறத்தை வைத்தே பேசிக்கொள்வார்கள். எதை நம்பி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் குழுவே இவரைக் கைகாட்டும். இவரும் யோசிக்கவே மாட்டார்.

"நீலத் தலையக் கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. மஞ்சத் தலை பக்கமே போயிடாதீங்க, சூடு ஏறுனா கெளம்பாது."

சும்மா சொல்லவில்லை. மஞ்சளில் மூன்று எஞ்சின் வாங்கி, மூன்றையும் இழந்தவர். அவர் சொல்லச் சொல்ல, தஞ்சாவூரில் இந்த வண்டிகளை விற்கும் ஹாபி கடை வைத்திருக்கும் அப்துல் மஜீது பாயின் அலமாரியில் மஞ்சள் பெட்டிகள் தூசி படிந்தன. பாவம், அந்தக் கம்பெனியை நம்பித்தான் அவர் கடையையே பெரிதாக்கியிருந்தார்.

மாசியில் எங்கள் ஊர்க் களத்தில் பந்தயம். சீர்காழியிலிருந்து பல் டாக்டர் செவ்வந்தி வந்திருந்தார். அவர் வண்டியில் மஞ்சள் தலை. இவர் என் காதில், "ரெண்டு ரவுண்டுல படுத்துடும் பாரு" என்றார். அது படுக்கவில்லை. நடுவில் நிறுத்தி எரிபொருள் ஊற்றி, கொதிக்கிற சூட்டிலேயே ஒரே முடுக்கில் கிளம்பியது. இவருடைய நீலம் பின்னால் முக்கிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"புது எஞ்சின எப்படிப் பழக்குனீங்க டாக்டர்?" என்று இவர் போய்க் கேட்டார்.

"பெட்டிக்குள்ள பேப்பர் இருந்துச்சே, அதுல போட்டபடிதான். தலையச் சுத்தி அலுமினியத் தாள் சுத்தி, நல்லா சூடேத்தி ஓட்டுனேன். நீங்க எப்படிப் பழக்குவீங்க?"

இவர் தன் வண்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். பதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் புது எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பழக்கும் நாளில் அதற்கு ராஜ உபசாரம். வேப்பமர நிழல், எதிரில் மேஜை விசிறி, தலைமேல் ஈரத்துண்டு, அது காயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வாய்க்கால் ஓரத்துப் பம்புசெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எஞ்சின் என்றால் குளிரக் குளிரத் தண்ணீர் ஓட வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம், இவர் அப்பா ராப்பகலாக ஆயில் எஞ்சினை ஓட்டி, அது சூடேறி இறுகிப்போய், சம்பா முழுவதும் கண்ணெதிரே கருகியது. அன்றிலிருந்து இவருக்குச் சூடு என்றால் பயம்.

இந்தக் குட்டி எஞ்சினின் சங்கதி நேர்மாறு. அதன் சிலிண்டர் மேலே கொஞ்சம் குறுகலாக இருக்கும். சூடேறினால்தான் விரிந்து பிஸ்டனுக்கு வழிவிடும். குளிர்ச்சியாகவே ஓட்டினால் இரண்டும் உரசி உரசித் தேய்ந்து பிடிப்புப் போய்விடும், பிறகு சூட்டில் கிளம்பாது. நீலம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் தளர்வு, அதனால் துண்டைத் தாங்கிக்கொண்டது. கச்சிதமாகச் செய்யப்பட்ட மஞ்சள்தான் செத்தது. அந்தப் பேப்பரை அன்றுதான் தேடி எடுத்துப் படித்தார். படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் பாய் போன் செய்தார். "தம்பி, புதன்கெழம பார்சல் வண்டி வருது. மஞ்சள் பூராத்தையும் திருப்பி அனுப்பிடுறேன். அந்தப் பக்கத்தையே மூடிடலாம்னு இருக்கேன்."

போனை வைத்ததும், "உள்ளதச் சொல்லிடுங்களேன்" என்றேன் இவரிடம்.

"ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது? ஓட்டிப் பாத்தேன்னு சொல்லித்தானே கெடுத்தேன்."

புதன்கிழமை லீவு போட்டார். பாய் எப்போதோ கொடுத்து, இவர் பிரிக்காமலே வைத்திருந்த மஞ்சள் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. நிழல் வேண்டாம், விசிறி வேண்டாம். தலையைச் சுற்றி அலுமினியத் தாள். எஞ்சின் அலறியது. சூடு ஏற ஏற இவர் கால் ஆடியது. சூடு பார்க்க, பழக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை எஞ்சின் தலையில் விட்டார். சுர்ரென்று ஆவியானதும் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக வாளிக்குப் போனது. நான் வாளியைத் தூக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தேன்.

"எரிஞ்சிடும், சுடர்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எரிஞ்சா எரியட்டும். நில்லுங்க."

நின்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, மதியம் சாய்ந்தது. கடைசியில் கை வைக்க முடியாத சூட்டில் நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு முடுக்கினார். ஒரே முடுக்கு. பிடித்துக்கொண்டது.

சந்தோஷப்பட நேரமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார். "பாய், அனுப்பிட்டீங்களா?"

"ஏத்திக்கிட்டிருக்காங்க தம்பி. என்ன விஷயம்?"

"எறக்கச் சொல்லுங்க. மஞ்சள்ல ஒரு கொறையும் இல்ல. நான்தான் துண்டு போட்டுக் கொன்னேன்."

பாயின் குரல் போனிலிருந்து சற்றுத் தள்ளிக் கேட்டது: "யப்பா, நிறுத்து. பெட்டிய எறக்கு."

மறுபடி போனுக்கு வந்தார். "எங்கிட்டச் சொன்னா யாரு வாங்குவா? குரூப்ல சொல்லு."

குழுவில் குரல் பதிவு ஒன்று போட ஆரம்பித்து அழித்தார். இன்னொன்றையும் அழித்தார். அப்புறம் ஈரத்துண்டிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் பேசி அனுப்பிவிட்டார். கேலிப் படங்கள் வந்து குவிந்தன. துண்டு போர்த்திய எஞ்சின் படத்தை யாரோ உடனே வரைந்துவிட்டார்கள். டாக்டர் செவ்வந்தி மட்டும் ஒரு கும்பிடு அனுப்பியிருந்தார்.

அப்போது பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் அழைத்தார். "அண்ணே, என் பச்சத் தலை பாதியில நின்னுடுதுண்ணே. கம்பெனியே மோசமா?"

வழக்கமாக அந்த இடத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல நீ அத எப்படி ஓட்டுனன்னு சொல்லு தம்பி. மெதுவாச் சொல்லு."