பலகைக்கு வெளியே ஒரு போர்

தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ரானுயியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவர் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தவன், அவர் மதுரைக்காரர். ஊரில் டாக்டராக இருந்தவர், இங்கே மருத்துவராகப் பதிவதற்கான தேர்வில் இரண்டு முறை தவறி, ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் மதுரையில். மூன்றாவது முறை எழுதிய தேர்வின் முடிவு வரவேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் கிளென்ஃபீல்டில் ஒரு மண்டபத்துக்கு 'கோ' விளையாடப் போவோம். கட்டம் போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம். அந்த வருட இறுதிப் போட்டியில் நாங்களே எதிரெதிராக அமர வேண்டிவந்தது.

அன்று காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கடிதம் வந்துவிட்டது. தவறியிருந்தால் ஆட்டமும் பாழாகுமே, முடிந்ததும் கொடுப்போம் என்று பையில் வைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் வலப்பக்கத்தில் என் காய்கள் மொத்தமாகச் சிக்கிக்கொண்டன. அடுத்த காயை அவர் சரியாக வைத்தால் அவ்வளவும் போய்விடும். என் வாய் தானாகத் திறந்தது.

"டொக்டர், உங்கட கடிதம் வந்திட்டுது."

காயோடு அவர் கை அந்தரத்தில் நின்றது. "எந்தக் கடிதம்?"

"நீங்க எதிர்பாத்துக்கொண்டிருக்கிறதுதான். என்ர பையில கிடக்கு."

"குடுங்க."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டக் கடிகாரத்தில் அவருடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்காமல் தொடைக்கடியில் செருகிவிட்டு, வைக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கட்டம் தள்ளிக் காயை வைத்தார். என் காய்கள் தப்பின. நான் வென்றேன்.

நேரம் பார்த்த ஜப்பானியப் பெண்மணி என்னிடம் மட்டும் மெதுவாக, "பங்காய்சென்" என்றார். பலகைக்கு வெளியே நடத்தும் போராம். எதிராளியின் மனதைக் கலைப்பது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் டாக்டர் கடிதத்தைப் பிரித்தார். தேறியிருந்தார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். கிட்டப் போக எனக்குத் துணிவில்லை.

வழியில் கேட்டார்: "காலையிலேயே வந்துருச்சா?"

"ஓம்."

"அப்ப ஏன் அந்த நேரத்துல சொன்னீங்க?"

"தோத்துப்போடுவன் எண்டு பயந்து."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "இதை என் பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். "அவ உங்களை நல்ல மனுஷன்னு நினைச்சிட்டிருக்கா."

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போய், வென்ற கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மனைவிக்கும் மகளுக்கும் விசா விஷயமாக அலையத் தொடங்கியிருந்தார். அதன்பின் நாங்கள் விளையாடவே இல்லை.