பூத்துணியையும் தாங்கிய பசை

அரூரில் டி.வி. பழுது பார்த்த முனாப்பை எளிதில் புகழ்ந்துவிட முடியாது. சொன்ன நாளில் வேலையை முடிக்கமாட்டார். கேட்டால், "பெட்டி என் பேச்சக் கேக்குதுங்களா?" என்பார். ஆனால் எண்பத்தேழாம் வருடக் கோடையில் மாதப்பன் வீட்டுப் பெட்டி இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தபோது அவர் அப்படிச் சொல்லவில்லை.

பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்ததிலிருந்து மாதப்பன் எழுந்து நடந்ததில்லை. மாலையானால் கட்டிலில் கிடக்கும் அவருக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் துணை.

முனாப் பின்மூடியைக் கழற்றினார். சூடேறும் ரெசிஸ்டருக்கு அடியில் போர்டு கருகி, மின்சாரம் ஓடும் தாமிரத் தடம் மறுபடி உரிந்திருந்தது. போன தடவை அவசரத்தில், இரண்டு குழாயிலிருந்தும் சரிபாதியாகப் பிதுக்கிக் கலக்கவேண்டிய பசையில் இறுகவைக்கும் மருந்தைக் கூட்டிவிட்டிருந்தார். சீக்கிரம் இறுகியது, சூட்டில் இளகிவிட்டது. இன்னொரு முறை உரிந்தால் ஒட்ட அங்கே தடமே மிஞ்சாது. மாற்று போர்டு சேலத்திலும் கிடைப்பதில்லை.

இத்தனை சூடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவர் மாதப்பன் வீட்டுக்கே போனார். டி.வி. மேசைமேல் பூவேலை செய்த துணி ஒன்று கிடந்தது. மாதப்பனின் மனைவி ராமக்காள் தைத்தது. பெட்டிமேல் அதைப் போர்த்தியே வைத்திருப்பாளாம்; படம் பார்க்கும்போது முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிடுவாளாம். பின்பக்கக் காற்றுத் துளைகள் மூடியபடியே இருக்கும்.

மாதப்பன் சிரித்தார். "எனக்குக்கூட இவ இப்படிப் போத்தினதில்லீங்க, பாய்."

ராமக்காளின் முகம் சுண்டியது. "அப்ப கெடுத்தது நான்தானுங்களா?"

பழியை இறக்கிவைக்க வசதியான இடம் அது. முனாப் இறக்கிவைக்கவில்லை. "மருந்தக் கூட்டினது நானுங்க. அந்தத் துணியக் குடுங்க, வேலைக்கு வேணும்."

பழைய போர்டுத் துண்டுகளில் தாமிரத் தகடுகளை ஒட்டினார். ஒன்றில் பஞ்சர் பசை. ஒன்றில் நொடியில் பிடிக்கும் பசை. மற்றதில் இரண்டு குழாய்ப் பசை, இம்முறை சரிபாதியாக. அதே கலவையில் ஒட்டிய இன்னொரு துண்டைத் தகரக் கூரைமேல் வெயிலில் நாள் முழுக்கக் காயவிட்டார். எது சூட்டைத் தாங்குகிறது என்று பார்க்க எல்லாவற்றையும் பக்கத்து டீக்கடை பாய்லர்மேல் அடுக்கினார்.

கடைக்காரர் கிருஷ்ணப்பன் முறைத்தார். "டீயில பசை வாடை அடிக்குதுங்கறாங்க, பாய்."

"இப்பவாச்சும் ஒரு வாடை வந்துச்சேன்னு சந்தோசப்படுங்க."

நகத்தால் நெம்பியபோது கூரைமேல் காய்ந்தது மட்டும் அசையவில்லை. முனாப் போர்டின் கரியைச் சுத்தமாகச் சுரண்டினார். தடத்தை ஒட்டிக் கூரையில் காயவைத்தார். ரெசிஸ்டரைப் போர்டில் படாமல் தூக்கிப் பற்றவைத்தார். மறுநாள் பெட்டியை ஓடவிட்டு, பூத்துணியை முன்போலவே போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"துணிய எடுக்கச் சொன்னாத் தீந்துச்சு. இதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு?" என்றார் கிருஷ்ணப்பன்.

"சொல்லத்தான் போறேன். மனுசங்க மறப்பாங்க. மறந்தாலும் தாங்கணுமில்லீங்களா?"

பொழுது சாயும்வரை திரை மங்காமல் ஒளிர்ந்தது. அன்று மாலையே பெட்டி மாதப்பனின் கட்டிலுக்கு எதிரே திரும்பிப் போனது. துளைகளை மூடக்கூடாது என்று முனாப் சொன்னார். ராமக்காள் தலையாட்டினாள்.

மறு வருடம், சேனல் திருகும் குமிழ் உடைந்து அது கடைக்கு வந்தது. காற்றுத் துளைகளில் பூத்துணியின் சிவப்பு நூல் சிக்கியிருந்தது. முனாப் மூடியைக் கழற்றித் தடத்தைப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நூலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குமிழைத் தேடினார்.